மாற்றி மாட்டிய இரண்டு டயர்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. கார் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. நேர்ச்சாலையில் ஸ்டீயரிங்கைத் தளர்த்தினால் மெல்ல ஓரத்துக்குப் போகும்.
2. ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவும் நானும் குவார்ட்டர்ஸ் வாசலில் ஜாக்கி வைத்து முன்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினோம். இடதை வலப்பக்கத்திலும் வலதை இடப்பக்கத்திலும் மாட்டினோம்.
3. ஓட்டிப் பார்த்தோம். அப்போதும் இடப்பக்கமே இழுத்தது. கோளாறு டயரில் இல்லை, அலைன்மென்டில், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில், என்று தெரிந்தது.
4. மழை வந்தது. உள்ளே போய்விட்டோம். சக்கரங்களைப் பழையபடி மாற்றவில்லை.
5. வியாழக்கிழமை அக்காவைப் புதுச்சேரிக்கு டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவளுக்கு எட்டாம் மாதம்.
6. திரும்பும் வழியில், குறிஞ்சிப்பாடி தாண்டியதும், மழையில், வண்டி என் பிடியிலிருந்து போனது.
7. யாருக்கும் அடிபடவில்லை.

ஏழாவதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். ஆனால் அன்று அதைக் கடைசியில்தான் தெரிந்துகொண்டேன்.

நான் அனல் மின் நிலையத்தில் ஒரு ஒப்பந்த நிறுவனத்துக்காக வேலை செய்கிறேன். பெரிய மோட்டார்கள், பம்புகள், விசிறிகள் ஆகியவற்றின் மேல் கருவியை வைத்து அதிர்வை அளந்து, எது எப்போது பழுதாகும் என்று எழுதித் தருவது என் வேலை. அப்பா சுரங்கத்தில் பர்மனென்ட், கன்வேயர் பிரிவில். நிலக்கரி சுமந்து மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டுகள் நேராக ஓடுகின்றனவா என்று பார்ப்பவர். பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கினால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஒதுங்கல் பெல்ட்டோடு சேர்ந்து நகர்கிறதா, ஒரே இடத்தில் நிற்கிறதா? நகர்ந்தால் பெல்ட்டில் கோளாறு. நின்றால் அதைத் தாங்கும் உருளையில் கோளாறு.

கார் விஷயத்திலும் அப்பா அதையே சொன்னார். “டயர மாத்திப் போட்டுப் பாக்கலாம் பாப்பா. கோளாறு டயரோட போகுதா, வண்டியோட நிக்குதான்னு தெரிஞ்சிரும்.”

சரியான சோதனை. இன்றும் அதைத் தவறு என்று சொல்ல மாட்டேன்.

அது கைமாறி வாங்கிய கார். முதலில் வைத்திருந்த கடலூர்க்காரர் பெரிய அலாய் வீல் போட்டு, அகலமான, உயரம் குறைந்த ஸ்போர்ட்ஸ் டயர் நான்கும் மாட்டியிருந்தார். நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சாய்ந்து போகும் பள்ளங்கள், அம்பு முனை போல. வளைவில் அந்த டயர்கள் சாலையைப் பிடிக்கும் விதம் எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னதில்லை, ஆனால் அந்த வண்டியை வாங்கியதே அதற்காகத்தான்.

கழற்றியபோது இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். இடது டயரின் உள்விளிம்பு விரல் வைத்தால் வழவழவென்று இருந்தது. வெளிப்பக்கம் பள்ளங்கள் நன்றாகவே இருக்க, உள்ளே இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. உடனே போனில் எழுதினேன்: “முன் இடது, உள்விளிம்பு தேய்வு அதிகம். அலைன்மென்ட், அடுத்த வாரம்.” எழுதியதும் அந்த வேலையைச் செய்தே முடித்ததுபோல ஒரு நிம்மதி வந்தது. எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இரண்டாவது, டயரின் பக்கவாட்டில் ஒரு அம்புக்குறியும், பக்கத்தில் சுழலும் திசை என்று ஆங்கிலத்தில் ஒரு சொல்லும். சேற்றைத் துணியால் துடைத்ததே நான்தான். படித்தேன். ஒரு பம்பின் மேல் அதே அம்பைப் பார்த்திருந்தால் மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று சரிபார்க்காமல் நகர்ந்திருக்க மாட்டேன். டயரில் இருந்ததால் அது எனக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை புதுச்சேரியில் டாக்டர் அக்காவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றார். வலி வந்தால் காத்திருக்க வேண்டாம், நேராக இங்கேயே வந்துவிடுங்கள் என்றார். அத்தான் ஒடிசாவில் வேலையில் இருக்கிறார், பிரசவத்துக்குத்தான் லீவு கிடைக்கும். எனவே அழைத்து வர வேண்டியவள் நான். டாக்டர் அதை என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பும்போது பிற்பகல். கடலூரிலேயே மழை பிடித்துக்கொண்டது. அக்கா மடியில் காகிதத்தைப் பிரித்து வைத்து உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவிய கொய்யாத் துண்டுகளைத் தின்றுகொண்டிருந்தாள். நான் அறுபதில் போய்க்கொண்டிருந்தேன். குறிஞ்சிப்பாடி தாண்டியதும் சாலை வேலை நடக்கிற இடத்தில் இடப்பக்கம் தண்ணீர் தேங்கியிருந்தது. ஆழம் தெரியவில்லை. சாலையின் நிறமும் தண்ணீரின் நிறமும் ஒன்றாக இருந்தன.

முதலில் டயர் சத்தம் நின்றது. அடுத்து ஸ்டீயரிங் கனமில்லாமல் போனது. திருப்பினால் திரும்பியது, ஆனால் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வண்டி இடப்பக்கம் போவதாகத் தோன்றி வலப்பக்கம் ஒடித்தேன். அதே கணம் தண்ணீர் முடிந்து டயர் சாலையைப் பிடித்தது. ஒடித்த ஒடிப்பு முழுவதும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. வண்டி நடுக்கோட்டைத் தாண்டித் தாவியது. எதிரே பஸ். அதன் ஹார்ன் ஓசையைவிட அதன் வைப்பர் ஆடுவதுதான் நினைவில் இருக்கிறது. அவ்வளவு அருகில் வந்துவிட்டது. திரும்ப இடப்பக்கம் ஒடித்தேன். பிரேக்கை மிதித்தேனா இல்லையா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சாலையோரச் சேற்றில் இறங்கி, வயல் வரப்புக்கு ஒரு கை தூரத்தில் நின்றோம்.

அக்கா வயிற்றின் மேல் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். கொய்யாத் துண்டுகள் டேஷ்போர்டு முழுக்கச் சிதறிக் கிடந்தன.

“என்னடி ஆச்சு?”

“தண்ணி, அக்கா.”

“அசையல.”

“என்ன?”

“உள்ள அசையல. இவ்ளோ நேரம் உதைச்சுட்டே வந்துச்சு. இப்ப அசையல.”

வாட்சைப் பார்த்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாததால் பார்த்தேன். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மழைக்கோட்டு போட்ட ஒரு மனிதர், பைக்கை நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

“மழைக்கு மாடுகூட ஓரமா நிக்குது. நீங்க எங்கம்மா இப்டிப் பறந்துகினு போறீங்க?” குனிந்து உள்ளே பார்த்தார். “ஐயய்யோ, புள்ளத்தாச்சிய வச்சிகினா?”

அவர் போகவில்லை. மழையில் நின்றபடி, பின்னால் வரும் வண்டிகளை விலகிப் போகும்படி கைகாட்டிக்கொண்டிருந்தார். அக்கா தண்ணீர் குடித்தாள். ஒருக்களித்துச் சாய்ந்தாள். டாக்டரின் நம்பருக்குப் போட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது. என் கையை இழுத்து அவள் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். கருவி வைத்து அதிர்வு தேடுவது என் தொழில். அன்று என் உள்ளங்கை நடுங்கிய நடுக்கத்தில் வேறு எதையும் உணர முடியவில்லை.

பதினோரு நிமிஷம். அதன்பின் அக்கா “ஆங், உதைக்குது” என்றாள். பிறகு அழுதாள்.

மறுநாள் வாடகைக் காரில் போய்க் காட்டினோம். குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: ரோட்டில் தண்ணீர் நின்றது. அதில் பொய் ஏதுமில்லை.

சனிக்கிழமை அப்பாவோடு மந்தாரக்குப்பத்தில் ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியைத் தொடவே இல்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து முன்சக்கரத்தையே பார்த்தார்.

“சார் மைன்ஸா?” என்று அப்பாவைக் கேட்டார்.

“ஆமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“மைன்ஸ்காரர் வூட்டு வண்டின்னா பாத்ததும் தெரிஞ்சிரும் சார். பாதி வேலைய வூட்லயே முடிச்சிட்டு, மீதிய எங்ககிட்ட கொண்டாருவீங்க.” சிரித்துக்கொண்டே அம்பின் மேல் விரலை வைத்தார். “இது முன்னால பாக்கணும். பின்னால பாக்குது. ரெண்டுமே அப்டித்தான் இருக்குது. இந்த டயரு நேரா சுத்தினா தண்ணிய ரெண்டு பக்கமும் வெளிய தள்ளும். நீங்க திருப்பிப் போட்டு, தண்ணிய உள்ள இழுத்துகினு ஓட்டியிருக்கீங்க. மழைல எங்கயும் போவலியே?”

அப்பா என்னைப் பார்த்தார்.

“இங்க கைய விடுங்கம்மா. பாத்து, குத்தும்.”

டயரின் உள்விளிம்பில் கை வைத்தேன். ரப்பர் போய், உள்ளே இருக்கும் கம்பி முடிபோல எட்டிப் பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை வழவழப்பாக இருந்த அதே டயர், இப்போது வலப்பக்கத்தில். புதுச்சேரி போய் வந்ததில் மிச்சமும் தேய்ந்துவிட்டது. ஒரு பக்கம் கம்பி தெரிகிற டயர், இரண்டுமே தலைகீழாகச் சுற்றுகின்றன, சாலையில் தண்ணீர், எதிரே பஸ், பக்கத்தில் அக்கா. மனதில் வரிசையாக அடுக்கினேன். அடுக்கியதும் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நடந்தபோது இருந்ததைவிட அப்போதுதான் பயம் அதிகம். நடந்தபோது எனக்குக் காரணம் தெரியாது.

அப்பா சொன்னார்: “டேக் போடாம விட்டுட்டோம் பாப்பா.” சுரங்கத்தில் ஒரு பெல்ட் சோதனையில் இருந்தால் அதன் ஸ்விட்ச்சில் சிவப்பு அட்டை தொங்கும். பழைய நிலைக்குக் கொண்டுவராமல் அந்த அட்டையை எடுக்கக் கூடாது. நாற்பது வருஷமாக அட்டை மாட்டியவர், வீட்டு வாசலில் மாட்டவில்லை. நானும்தான்.

நான்கு டயர்களையும் மாற்ற முடிவு செய்தோம். கடைக்காரர் அதே அம்பு டயரை எடுத்துக் காட்டினார். “மழைக்கு இத அடிச்சிக்க ஆள் இல்லம்மா. ஒழுங்கா மாட்டுனா.” அவர் சொன்னது உண்மை. பிறகு இன்னொன்றைக் காட்டினார். அதில் அம்பு இல்லை. வெளிப்பக்கம் என்று மட்டும் எழுதியிருந்தது. அந்தப் பக்கம் வெளியே இருந்தால் போதும், இடமும் வலமும் மாற்றலாம். அதுவும் ஸ்போர்ட்ஸ் வகைதான், ஈரத்தில் பிடிக்கும், ஓசை கொஞ்சம் கூடுதல்.

“அப்பா, நாம மறுபடி கழட்டுவோமா மாட்டோமா?”

அப்பா யோசித்தார். “கழட்டுவோம்” என்றார்.

அம்பு இல்லாததையே வாங்கினேன். எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு ஸ்பானர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அது தெரிந்துதான் டயர் வாங்க வேண்டியிருந்தது. பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண்ணைப் பார்த்து, தயாரித்து நாளாகாததுதான் என்று உறுதி செய்துகொண்டேன். நான்கும் ஒரே வகை. சக்கரங்களில் கருவியைப் பொருத்தி, திரையில் சிவப்பாக இருந்த எண்கள் பச்சையாகும்வரை கடைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்துத் திருகினார். முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கம் வெளிப்புறமாக விலகி நின்றிருந்தன. எங்கோ ஒரு பள்ளத்தில் விழுந்ததன் விளைவு. எந்தப் பள்ளம் என்று எனக்குத் தெரியவில்லை.

வண்டி சரியாகிவிட்டது. எனக்குத்தான் ஓட்ட முடியவில்லை. அடுத்த வாரம் முழுக்க வேலைக்கு பஸ்ஸில் போனேன், பார்க்கிங் கிடைப்பதில்லை என்று சொன்னேன். அக்கா ஒவ்வொரு நாளும் பையில் ஒவ்வொரு துணியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளிடம் சொல்லாமல் அவளை ஏற்றிக்கொள்ள முடியாது என்று தோன்றிய அன்று சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“தண்ணி இல்ல, அக்கா. தண்ணி மட்டும் இல்ல. நானும் அப்பாவும் டயர மாத்தி மாட்டிட்டோம். ஒரு டயர் தேஞ்சிருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரியும்.”

“தெரியும்னா?”

போனில் எழுதியிருந்ததைக் காட்டினேன். படித்தாள். போனை மெத்தையின் மேல் போட்டுவிட்டு எழுந்து போனாள். விளக்கு வைத்த பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எழுதி வச்சா வேலை முடிஞ்சிருமாடி? அப்ப நான்கூட ஒரு பேப்பர்ல குழந்தைன்னு எழுதி வச்சுட்டுத் தூங்கிடறேன்.”

“வேற யாராவது ஓட்டட்டும், அக்கா. அப்பா ஓட்டட்டும்.”

“அப்பாவா? அவர் போற ஸ்பீடுக்கு இது வழியிலேயே பொறந்து எல்கேஜி முடிச்சிரும்.” நான் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை. “மழை வரும்போது நீ தனியா அந்த ரோட்டுல போயிட்டு வா. வந்து உண்மையச் சொல்லு. முடியலன்னா முடியலன்னு சொல்லு. வாடகைக் கார் பேசி வச்சுக்கறேன். ஆனா மறுபடி தண்ணின்னு கத சொல்லாத.”

இரண்டு நாள் கழித்து மழை வந்தது. காலை ஷிப்ட் பஸ்கள் போன பிறகு கிளம்பினேன். வடலூர் வரை நாற்பதில் போனேன். அந்த இடத்தில் தண்ணீர் இப்போது சாலையின் முழு அகலத்துக்கும் நின்றது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து முப்பதுக்குக் குறைத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, தண்ணீருக்குள் போனேன். டயர் சத்தம் நிற்கவில்லை. மட்கார்டில் தண்ணீர் அறையும் ஓசை கடைசி வரை கேட்டது. ஸ்டீயரிங்கில் கனம் இருந்தது. அந்தப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டு, கதவைத் திறந்து வாந்தி எடுத்தேன். குறிஞ்சிப்பாடியில் திருப்பிக்கொண்டு, மறுபடி அதே இடம் வழியாக வந்தேன்.

அக்கா கேட்டாள்: “கை நடுங்குச்சா?”

“நடுங்குச்சு. வாந்தியும் எடுத்தேன்.”

“வண்டி?”

“வண்டி நேரா போச்சு.”

“வாந்தி எனக்கும்தான் வருது. எட்டு மாசமா. வாடகைக் கார்லாம் வேணாம், நீயே ஓட்டு. மழைன்னா நாப்பதுக்கு மேல போகக் கூடாது.”

இன்றைய நிலை இது. நான்கு டயர்களும் புதியவை, அலைன்மென்ட் சரி, வண்டி இழுக்கவில்லை. மழையில் நான்கு முறை ஓட்டிவிட்டேன், நான்கு முறையும் பயந்தேன். அக்காவுக்கு இன்னும் பதினாறு நாள் இருக்கிறது. டாக்டர் முன்னாலும் ஆகலாம் என்கிறார். அத்தானுக்கு லீவு இன்னும் உறுதியாகவில்லை. ஓட்டப்போவது நான்தான்.