நடத்தாமல் விட்ட அமிலப் பாடம்

நாங்கள் குடிபெயர்ந்து வந்த இந்த நாட்டில் உயர்நிலைப் பள்ளியைத்தான் காலேஜ் என்கிறார்கள். கிளென்ஃபீல்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலேஜில் மகளுக்குக் கடைசி வருடம். இரசாயனவியலில் ஸ்காலர்ஷிப் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருந்தாள். வழக்கமான பரீட்சைக்கும் மேலே, கெட்டிக்காரருக்கென்று வைக்கிற தேர்வு அது. அதில் தேறவேண்டும் என்பது அவளுடைய ஆசை. என்னுடையது இல்லை என்று சொன்னால் மனைவி சிரிப்பாள்.

ஒருநாள் சாப்பிடும்போது மகள் போகிறபோக்கில் சொன்னாள்: அமில காரப் பாடத்தை வகுப்பில் நடத்தப்போவதில்லையாம். மற்றப் பாடங்களிலேயே எல்லோருக்கும் வருடம் தேறப் போதிய கிரெடிட் புள்ளிகள் சேர்ந்துவிடுமாம். ஸ்காலர்ஷிப் தாளில் அது வராதா என்று கேட்டேன். வரும் என்றாள், பருப்பை ஊற்றிக்கொண்டே.

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் படித்த எனக்கு இதற்கெல்லாம் தெரிந்த ஒரே மருந்து டியூஷன். ஊரில் இருக்கும் மச்சானிடம் சொல்லிப் பழைய வினாத்தாள்களை வாட்ஸப்பில் தருவித்து, அச்சடித்து, கார் நிறுத்தும் கராஜில் வெள்ளைப் பலகை மாட்டி வாத்தியாரானேன். தாள்கள் எல்லாம் தமிழில். மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சரி, நானே செய்து காட்டுகிறேன் என்று இறங்கினால், வினாகிரி என்கிற அமிலத்துக்கு, கடுங்காரத்துக்கு வரவேண்டிய பீஹெச் பதினாலு வந்தது. கேள்வி புரியாமலேயே விடை பிழை என்று அவள் கண்டுபிடித்தாள்.

உடுப்புக் காயப்போட வந்த மனைவி கேட்டாள்: "சோதினை உங்களுக்கோ, அவளுக்கோ?"

பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த வினாத்தாள் கட்டையும் தூக்கிக்கொண்டு போனேன். ஆசிரியர் தங்கமான மனிதர்; சண்டை பிடிக்கவே வசதியில்லாத முகம். வகுப்புப் பாடம் அந்தத் தேர்வுக்காக அமைத்தது இல்லை, விரும்பியவர்கள் தாங்களாகப் படித்துக்கொள்வார்கள் என்றார். அப்படியானால் பெயரை ஏன் வாங்கினீர்கள்? நீந்தப் பழக்காமல் பிள்ளையைப் போட்டிக்கு அனுப்புவீர்களா? வருடத் தொடக்கத்திலேயே சொல்ல வாய் வரவில்லையா? இவ்வளவையும் ஆங்கிலத்தில் கேட்கப் புறப்பட்டு, கோபத்தில் பாதி தமிழில் போய்விட்டது. ஆசிரியர் மரியாதையாகத் தலையாட்டினார்.

மகள் மேசைக்கடியில் என் முழங்காலை அமுக்கினாள். எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள், தமிழில் சொன்னாள்: "அப்பா, நீங்க கதைக்காதேங்கோ. நான் கேக்கிறன்."

கேட்டாள். விட்ட பாடத்தை எப்போது சொல்லித் தருவீர்கள் என்று மட்டும். அவர் வியாழக்கிழமைகளில் தன் மதியச் சாப்பாட்டு நேரத்தைக் கொடுத்தார்.

எனக்கு இன்னும் ஆறவில்லை. வகுப்பில் கிடைக்கவேண்டிய பாடத்துக்குப் பிள்ளை ஏன் தன் சாப்பாட்டு நேரத்தைக் கொடுக்கவேண்டும்? வகுப்பில் இன்னொரு பிள்ளையும் தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறாளே, அவள் கதி என்ன என்று திரும்பும்போது காரிலேயே கத்தினேன். அந்தப் பிள்ளைக்கு மகள் அப்போதே செய்தி அனுப்பிவிட்டாளாம். இப்போது வியாழன்தோறும் இரண்டு பேர் போகிறார்கள். ஆசிரியரும் தன் சாண்ட்விச்சோடு வந்து உட்கார்ந்துவிடுகிறாராம். மனிதர் தன்னை நிம்மதியாகத் திட்டவும் விடமாட்டேன் என்கிறார்.