கோபாலசுப்பிரமணியன் வாய் திறக்காத ஒரு நிமிஷம்

கோபாலசுப்பிரமணியனுக்குப் பந்து எறியத் தெரியாது. மட்டை பிடிக்கத் தெரியாது. டவுண் பஸ்ஸைப் பிடிக்க நாலு எட்டு ஓடுவதுகூட ஆகாது. அடுத்த பஸ் வரும் என்று நின்றுவிடுவார். ஆனாலும் தொண்ணூறுகளில் திருநெல்வேலிச் சீமையில் சாஃப்ட்பால் என்று ஒரு விளையாட்டு நடந்தது என்றால், அதற்கு நடுவர் அவர்தான். வேறு ஆள் கிடையாது.

நானும் அவரும் ஒரே அரசாங்க அலுவலகம், பக்கத்துப் பக்கத்து மேஜை. விடுப்பு விதியோ பயணப்படி விதியோ, எதைக் கேட்டாலும் எத்தனாவது உட்பிரிவு என்பதோடு சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார். அதுதான் சிக்கல். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஞானசௌந்தரி, தொண்ணூற்றொன்றில் இந்த ஆட்டத்தை இங்கே தொடங்கினார். ஆடப் பெண்கள் கிடைத்தார்கள், மட்டையும் கிடைத்தது. விதிப்புத்தகத்தைப் படிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. யாரோ எங்கள் அலுவலகத்தைக் கை காட்டிவிட்டார்கள். கோபாலசுப்பிரமணியன் சார் ஒரு சனி ஞாயிறில் புத்தகத்தை முடித்து, மதுரைக்குப் போய் நடுவர் பரீட்சை எழுதி, முதல் மார்க்கோடு வந்து சேர்ந்தார். பக்கத்து மேஜைக்காரன் என்ற பாவத்துக்கு என்னை ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்.

ஆட்டத்தின் நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்துக்கே நாலு அணி. எல்லோருக்குமாகக் கையுறை பதினொன்று. ஆகையால் ஒரு அணி கழற்றிப் போட்டதை அடுத்த அணி வியர்வை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போகும். ஓடி ஓடி மிதிக்க வேண்டிய நாலு பேஸில் மூன்று, மண் நிரப்பிய உரச்சாக்குகள். பார்க்க வருகிற கூட்டத்துக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஒன்றுதான். பந்து மட்டையில் பட்டுப் பின்பக்கம் பறந்தால் ஃபோர் என்று கத்துவார்கள். உடனே சார் ஆட்டத்தை நிறுத்துவார். முகத்தில் மாட்டிய கம்பிக் கூண்டைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு வேலியோரம் போய், அது ஏன் ஃபோர் இல்லை என்று விளக்குவார். கூட்டம் பைய நழுவிவிடும். இப்படி அவரே விரட்டிவிட்ட ரசிகர்கள் முன்னூறு பேராவது தேறுவார்கள்.

ஒருநாள் மத்தியானம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார். “ஓய் சிவசைலம், ஆறு வருஷமா தொண்டை வத்தப் பேசிண்டிருக்கேன். ஒருத்தராவது காதுல வாங்கியிருப்பாளா?”

கேலியாக ஏதோ சொல்லத்தான் வாயெடுத்தேன். முகத்தைப் பார்த்தேன். மனுஷர் நிஜமாகவே வருத்தத்தில் இருந்தார்.

அது தொண்ணூற்றேழு. அந்த மாதமே மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். ஒரு பக்கம் ஞானசௌந்தரியின் அணி. இன்னொரு பக்கம் டவுண் கல்லூரி அணி. அதில் சாரின் ஒரே மகள் ஹம்ஸினி. மதுரையிலிருந்து வர வேண்டிய நடுவருக்குக் காய்ச்சல். சார் தயங்கினார். ஞானசௌந்தரிதான், “மக ஆடுனா ஆடட்டும் சார். நீங்க புஸ்தகத்துக்குப் பொறந்தவரு, நீங்களே நில்லுங்க” என்றார்.

மேலே போவதற்குமுன் ஒரு விதியைச் சொல்ல வேண்டும். பயப்பட வேண்டாம், நான் சுருக்கமாகச் சொல்வேன். ஓடுகிறவள் ஒவ்வொரு பேஸையும் மிதித்தே போக வேண்டும். மிதிக்காமல் போனால் அவுட். ஆனால் நடுவர் அதைக் கண்ணால் பார்த்தாலும் தானாகச் சொல்லக் கூடாது. எதிரணி கேட்டால்தான் சொல்லலாம். கடைசி ஓட்டம் என்றால், எதிரணி மொத்தமும் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி வெளியேறுவதற்குள் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஓட்டம் ஓட்டம்தான்.

கடைசி இன்னிங்ஸ், அதாவது ஏழாவது. நாலுக்கு நாலு, சமநிலை. இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளும் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது. இரண்டாவது பேஸில் ஹம்ஸினி நிற்கிறாள். அவள் அணிக்காரி அடித்த பந்து வலது கோடிக்குப் போனது. ஹம்ஸினி மூன்றாவது பேஸைச் சுற்றிப் பறந்து வந்து, ‘வீடு’ என்று சொல்கிற கடைசி பேஸை மிதித்துவிட்டாள். டவுண் கல்லூரிப் பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். எதிரணி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே நடக்க ஆரம்பித்தது.

நான் பேனாவைத் திறந்துகொண்டு, “எழுதிரட்டுமா சார்?” என்றேன்.

சார் பதில் சொல்லவில்லை. நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை. கூண்டுக்குள் வியர்வை ஒழுகுகிறது, உதடு ஒட்டிக் கிடக்கிறது. பேசு என்றாலும் பேசுவார், பேசாதே என்றாலும் பேசுவார். அப்படிப்பட்டவர் வாயை மூடி நிற்கிறார் என்றதும் எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஹம்ஸினி மூன்றாவது பேஸை மிதிக்கவில்லை. சார் பார்த்துவிட்டார்.

ஒவ்வொருத்தியாகக் கோட்டைத் தாண்டினார்கள். கடைசியாக, ஞானசௌந்தரியின் அணியில் மூன்றாவது பேஸைக் காக்கிற டெபோரா கையுறையைக் கழற்றியபடி வந்தாள். கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றாள். திரும்பிச் சாக்கைப் பார்த்தாள். பிறகு, இன்னும் நகராமல் நிற்கிற சாரைப் பார்த்தாள். கீழே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு போய்ச் சாக்கின்மேல் காலை வைத்தாள்.

“சார், அந்த அக்கா இந்த பேஸ மிதிக்காமலே போனாவ. நான் கேக்கேன் சார்.”

சார் முஷ்டியை உயர்த்தி அவுட் கொடுத்தார். வேலியோரம் ஒருவர், “பெத்த மவளையே அவுட்டு குடுக்காரு வே, இன்னைக்கி வீட்டுல சோறு கிடையாது” என்றார். ஆட்டம் எட்டாவது இன்னிங்ஸுக்குப் போனது. டெபோராவின் அணி ஒரு ஓட்டம் எடுத்தது, டவுண் கல்லூரி எடுக்கவில்லை. அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்ததும் சார் டெபோராவைக் கூப்பிட்டார். “அந்த விதியை உனக்கு யாரும்மா சொன்னா?”

“நீங்கதான் சார். போன வருஷம் அம்பாசமுத்திரத்துல மழை வந்து ஆட்டம் நின்னுச்சுல்லா, வராண்டால வச்சு சொன்னீய.”

“எல்லாரும் எழுந்து போயிட்டாளே?”

“என் செருப்பக் காணல சார். தேடிக்கிட்டே கேட்டேன்.”

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

பஸ் நிறுத்தத்தில் ஹம்ஸினி எங்களோடு ஒட்டாமல் தள்ளி நின்றாள். “அவ கேக்கக் கூடாதுன்னும் வேண்டிண்டேன், கேக்கணும்னும் வேண்டிண்டேன் ஓய்” என்று சார் என்னிடம் முணுமுணுத்தார். அது அவள் காதில் விழுந்துவிட்டது. விறுவிறுவென்று வந்தாள்.

“மிதிக்கலேன்னு எனக்கும் தெரியும்ப்பா. திரும்பிப் போய் மிதிக்க நேரமில்லை. கேட்டாத்தானே அவுட்டு? நீ சொன்னதையெல்லாம் யாரு ஞாபகம் வச்சிண்டிருக்கப் போறான்னுதான் ஓடி வந்துட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகளே இப்படிக் கணக்குப் போட்டிருக்கிறாள், மனுஷர் இடிந்துவிடுவார் என்று பயந்தேன். சார் கேட்டதோ வேறு.

“கேட்டாத்தான் அவுட்டுன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாம என்ன? சாப்பிட விடாம எத்தனை தரம் சொல்லியிருக்கே.”

சார் என் பக்கம் திரும்பினார். எங்கள் பஸ் வந்து நின்றதையும் கவனிக்காமல் இரண்டு விரலை நீட்டினார்.

“ரெண்டு பேர் காதுல வாங்கியிருக்கா ஓய்” என்றார்.