ஒரே பக்கம் சுற்றும் சக்கரம்

பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை இன்றும் காணவில்லை. எங்கே போயிருக்கும் என்று அவள் தேடவே இல்லை. பால்கனியில் குந்தியபடி, அதைப் பிய்த்துப் பிய்த்து ஓர் இரும்புக் குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருந்தார் அவள் வீட்டுக்காரர்.

தொழில் ஏசி மெக்கானிக். வாரம் முழுக்க ஊரார் வீடுகளைக் குளிர வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் நெருப்பு மூட்டுவார். குழாயின் ஒரு முனையில் தொழிலுக்கு வைத்திருக்கும் கேஸ் டார்ச், மறுமுனையில் ஈரத்துணி. அதுவும் அவளுடைய நல்ல துண்டு. சூட்டுக்கும் குளிர்ச்சிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று கம்பி நாருக்குள் துடித்து ஊளையிடும். அந்த ஒலி அலையில் உள்ளே இருக்கும் குட்டிச் சக்கரம் சுற்ற வேண்டும். சக்கரம் சுற்றினால் மின்சாரம் வரவேண்டும். இதுவரை ஊளை மட்டும் தவறாமல் வந்திருக்கிறது.

"சத்தத்தைச் சும்மா விடக் கூடாதும்மா, அவ்வளவும் கரண்ட்டு" என்பார். குக்கர் விசிலடித்தால்கூட, வீணாகிறதே என்று பெருமூச்சு விடுகிற ஆள். சட்டைப் பையில் சக்கரத்துக்கு வெட்டிய தகடுகள் கிடக்கும். துவைக்கப் போகும் அவள்தான் விரலைக் கீறிக்கொள்வாள்.

இந்த ஊளையால் ஏற்கெனவே ஒரு வாடகை வீடு போயிற்று. கீழே குடியிருக்கும் ஓனரம்மாவும் நேற்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை அந்தச் சத்தம் கேட்டுச்சு, சாமானைக் கட்டிடுங்க." மகளுக்குப் பரீட்சை நேரம். எங்கே போவது?

"ஏங்க, படிச்சுப் படிச்சுச் சொல்றேனே, உங்களுக்கு உறைக்குதா இல்லையா?"

"இந்தச் சக்கரத்தைப் பாரேன். அலை முன்னால போனாலும் பின்னால வந்தாலும் ஒரே பக்கந்தான் சுத்தும். அப்படி வெட்டியிருக்கேன்."

"உங்களைப் பார்த்தே வெட்டியிருப்பீங்க. கெஞ்சினாலும் திட்டினாலும் ஒரே பக்கந்தானே!"

அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த நிமிஷமே குழாய் ஊளையிட்டது. "அணைச்சுத் தொலைங்க!" என்று ஓடிவந்தவள் அப்படியே நின்றாள். குழாயோரம் ஒட்டியிருந்த கடுகளவு விளக்கு மினுக்கி, மினுக்கி, பிறகு நின்று எரிந்தது. இத்தனை வருஷத்தில் முதல் முறை. வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார் அவர். அவள் எரிச்சலை மறந்து, அந்த விளக்கைக் குனிந்து பார்த்தாள்.

மாடிப்படியில் ஓனரம்மாவின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. மகளின் புத்தகப் பையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கணவர் டார்ச்சின் திருகை நோக்கித் தானாகவே கை நீட்டினார்.

"கையை எடுங்க" என்று பல்லைக் கடித்தபடி சொன்னவள், சமையலறைக்கு ஓடி, ஊளை அமுங்கிப்போகும்படி வெறும் மிக்சியை முழு வேகத்தில் ஓடவிட்டாள்.