கல்யாண மாலையும் நாங்கள் வெட்டிய ஆறும்

துபாயின் விளிம்பில், வெறும் மணலாகக் கிடந்த இடத்தில் அந்த ஆற்றை வெட்டியவர்கள் நாங்கள். கடலிலிருந்து உள்ளே இழுத்த உப்புத் தண்ணீர்தான். இரண்டு கரை இருந்ததால் எங்களுக்கு அது ஆறு. முதலில் எங்கள் கேம்ப் வந்தது, பிறகு ஒரு டீக்கடை, அப்புறம் கண்ணாடி போட்ட விற்பனை அலுவலகம். அதோடு ஊருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. இன்னும் எழும்பாத வீட்டை வாங்க ஜனம் அடித்துப் பிடித்து ஓடிவந்தது. காலையில் வாங்கியவன் சாயங்காலம் விற்றான். நாங்கள் மட்டும் அதே தண்ணிப் பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

என் ரூமில் கீழ்க் கட்டிலில் இருந்தவன் தஞ்சாவூர்ப் பக்கம். லீவில் போய்க் கல்யாணம் முடித்து, மஞ்சள் வாசனை போவதற்குள் திரும்பியவன். கல்யாண மாலைகள் இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். எங்கள் பக்கம் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் அந்த மாலையை ஆடிப்பெருக்கன்று காவிரியில் விட வேண்டும். அந்த வருஷம் காவிரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். மாலையை விடாவிட்டால் குடித்தனம் விளங்குமா என்று புதுப்பெண் அழுதிருக்கிறாள். அங்கே நாங்கள் வெட்டிய ஆறு இருக்கிறதே என்று சமாதானம் சொல்லி வாங்கி வந்துவிட்டான்.

ஆடிப்பெருக்கன்று டூட்டி முடிந்ததும் பஸ் ஏறாமல் அவனோடு நானும் கரைக்குப் போனேன். கல் பாவி, ஈச்சமரம் நட்டு, கைப்பிடிக் கம்பி போட்டிருந்தார்கள். கம்பியும் எங்கள் வேலைதான். செக்யூரிட்டி ஓடிவந்து ஹிந்தியில் விரட்டினான். எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான். திருச்சிக்காரன். மாலையைப் பார்த்த உடனே அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

"எனக்குத் தெரியாதாண்ணே? வீடு வாங்குனவங்க குடி வந்துட்டாங்க. தண்ணியில குப்பை கெடந்தா என் வேலை போயிரும்."

குப்பை என்று சொன்னான். அவனை அடிக்கக் கை துறுதுறுத்தது. ஆனால் அவனும் எங்களைப் போல ஏஜென்டுக்குக் கொட்டி அழுதுவிட்டு வந்தவன்தானே. மாலைகளைத் திரும்பவும் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு திரும்பினோம்.

கேம்புக்கு வந்ததும் தஞ்சாவூர்க்காரன் மனைவிக்குப் போன் போட்டு, மாலையை விட்டாச்சு என்றான். பக்கத்தில் இருந்த எனக்கும் அவள் குரல் கேட்டது.

"அங்கயாச்சும் தண்ணி ஓடுதே. அடுத்த ஆடிக்கு என்னையும் கூட்டிக்கிட்டுப் போயி அந்த ஆத்தக் காட்டுங்க."

லேபர் விசாவில் பெண்டாட்டியைக் கூட்டிவர முடியாது என்பதை அவளுக்கு அவன் சொல்லியிருக்கவில்லை. காட்டுறேன் என்று சொல்லிப் போனை வைத்தான். பிறகு அந்தப் பொட்டலத்தைத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினான்.