மாசியின் கயிறு

மாசிக்கு இப்போது காது கேட்பதில்லை. உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலத்தில், ஊர்க்கோடிக் குடிசை ஒன்றில் இருக்கிறார். வயது நாற்பதுக்குள். காது போனதற்கு நான் பத்திரிகையில் எழுதிய ஒரு சொல்லும் காரணம்.

இந்த வருஷம், 1979, தை மாதம். அந்த ஊருக்கு மந்திரி வருகிறார் என்று கூட்டத்தோடு கூட்டமாக நானும் போய் நின்றேன். மந்திரி வரவில்லை. மூன்று மணி பஸ்ஸில் செய்தியைக் கொடுத்தனுப்பியாக வேண்டும், கையில் ஒன்றுமில்லை. பக்கத்து வயலில், பஞ்சாட்சரம் என்பவரின் கிணற்றைச் சுற்றி ஆட்கள் நிற்பதைப் பார்த்து அங்கே போனேன்.

மோட்டார் தண்ணீர் எடுக்காமல் நின்றிருந்தது. குழாயின் அடிமுனையில் இருக்கும் வால்வைப் பாசி அடைத்துவிட்டால் யாராவது முங்கிப்போய்ச் சுத்தம் செய்ய வேண்டும். சுற்றுவட்டாரத்தில் அதற்கு மாசிதான். மடியில் கல்லும் இடுப்பில் கயிறுமாக இறங்கினார். கயிற்றின் மறுமுனை மேலே அவர் மனைவி சின்னபொண்ணின் கையில்.

ஏறி வந்தவரிடம் எப்படி என்று கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். வெறும் வயிற்றோடுதான் இறங்குவாராம். இருபதடித் தண்ணீரில் சின்னபொண்ணு மூன்று இடத்தில் கயிற்றைப் பிடித்து நிறுத்துவார். அந்த நிறுத்தங்களில் மாசி மூக்கைப் பொத்திக் காதுக்குள் காற்றை ஊதிக்கொள்வார். இல்லையென்றால் தண்ணீர் அழுத்திக் காது கிழிந்துவிடும். கீழிருந்து மாசி கயிற்றை இரண்டு முறை இழுத்தால் மேலே தூக்கிவிட வேண்டும். இப்படி அடிமண்ணைத் தொட அவருக்கு ஆறு வருஷம் பிடித்ததாம்.

அத்தனையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். பஸ் ஹாரன் அடித்தது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்து வரியில் முடித்தேன். ‘பிறவியிலேயே மீனின் மூச்சு வாய்த்தவர், நீச்சல் இவர் ரத்தத்தில் ஊறியது.’ ஆறு வருஷமும் மூன்று நிறுத்தமும் கயிறும் அந்தப் ‘பிறவி’க்குள் காணாமல் போயின. எங்கள் தொழிலில் கைக்கு எளிதில் வரும் சொல் அது. பிறவிப் பேச்சாளர், பிறவிப் பாடகி, பிறவி ரவுடி. விசாரிக்க நேரமில்லாத இடத்திலெல்லாம் போட்டுக்கொள்ளலாம். அதே பத்து வரியில் பஞ்சாட்சரத்தை ‘நாற்பதாண்டு அனுபவமுள்ள விவசாயி’ என்று எழுதியிருந்தேன். அவருக்கு அனுபவம், மாசிக்குப் பிறவி. அப்போது அது உறுத்தவில்லை.

ஆடியில் மறுபடி அந்தப் பக்கம் போனேன். மாசி முதுகைக் காட்டியபடி விறகு பிளந்துகொண்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்டேன். சின்னபொண்ணு வந்து தோளைத் தொட்ட பிறகே திரும்பினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

நடந்ததைச் சின்னபொண்ணு சொன்னார். பஞ்சாட்சரம் என் செய்தியை வெட்டி மோட்டார் கொட்டகைக் கதவில் ஒட்டியிருக்கிறார், பெருமையாகத்தான். பத்து நாளில் வால்வு மறுபடி அடைத்துக்கொண்டது. நடவு நாள், ஆள் பற்றவில்லை. கயிறோடு வந்த சின்னபொண்ணிடம் அவர் சொன்னது இது:

“பேப்பர்லயே போட்டுக்கீறான், பொறவியிலயே மீனுன்னு. மீனுக்கு இன்னாத்துக்கு கவுறு? நீ போயி நாத்து நடும்மே.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாசியும் சிரித்திருக்கிறார். பேப்பரில் வந்ததை எப்படி இல்லையென்பது என்று அவருக்குக் கூச்சம். நிறுத்தக் கயிறு இல்லாததால் கல் அவரை நேரே அடிக்கு இழுத்துப்போனது. ஊத நேரமில்லை. காதுக்குள் ஏதோ வெடித்தது. தலை சுற்றி, மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. கல்லை உருவிவிட்டு, குழாயைக் கட்டிப்பிடித்துத் தடவித் தடவி ஏறியிருக்கிறார். இரண்டு காதிலும் ரத்தம், பிறகு சீழ். வலது காது அடியோடு போயிற்று. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் கொஞ்சம் கேட்கும். இனி தண்ணீரில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

தப்பாக எழுதிவிட்டேன், திருத்திப் போடச் சொல்கிறேன் என்றேன். சின்னபொண்ணு கோபப்படவில்லை.

“இன்னான்னு போடுவீங்க சார்? களையெடுக்க வந்த வெளியூர் பொம்பளைங்க இப்பவே கேக்குறாளுங்க, உன் வூட்டுக்காரன் பொறவிச் செவுடான்னு.”

ஆபீசில் திருத்தம் கேட்டேன். பெயர் தப்பா, ஊர் தப்பா என்றார் ஆசிரியர். இரண்டும் சரி. அப்புறம் என்ன திருத்தம் என்று அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

மாசி கயிற்றோடுதான் இறங்குவார். மூன்று இடத்தில் நிற்பார். கயிற்றைப் பிடிப்பவர் சின்னபொண்ணு. கற்றுக்கொள்ள ஆறு வருஷம் ஆனது. அந்தப் பத்து வரியில் இருந்திருக்க வேண்டியது இவ்வளவுதான்.