கை நனைக்காத நாடுகள்

தொப்பூரில் பேருந்து சாப்பாட்டுக்கு நின்றபோது எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர், வேட்டிக்குக் கீழே பச்சை நிறத்தில் பளபளக்கும் ஷூ போட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. திருச்சியில் விமானம் இறங்கி பாப்பாரப்பட்டிக்குப் போகிறார்களாம். ரிட்டயர் ஆகிவிட்டதால் குடியேற ஒரு நாடு தேடுகிறார்களாம். தாய்லாந்து, இலங்கை முடிந்து இப்போது மலேசியா.

"அங்கெல்லாம் சாப்பாடு எப்படிங்க?" என்றேன்.

"எங்கயும் கை நனைக்கலீங்க," என்றார், மூன்றாவது முறையாகச் சோற்றில் சாம்பாருக்குக் குழி பறித்தபடி.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், பேசி முடிக்கும்வரை அங்கே சாப்பிடமாட்டோம். சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடும். இந்த மனிதர் அதை நாடுகளுக்கும் வைத்திருக்கிறார்!

"பின்ன? பொண்ணு குடுக்கற வூட்டுக்கே அவ்வளவு பாக்கறோம். இது நாங்களே போயி வாழப்போற எடமில்லீங்களா?"

ஓட்டல் அறையில் ராகி மாவைச் சுடுதண்ணீரில் கரைத்துக் குடித்தே ஊர் சுற்றினார்களாம்.

"மலேசியா நல்லாத்தான் இருக்குது. ஆனா யோசிக்கணும்ங்க," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அந்த அம்மா சட்டென்று என் பக்கம் குனிந்தார்.

"மலேசியாவுல அவரு குளிக்கப் போன நேரம், கீழ கடையில ரெண்டு ரொட்டி தின்னுட்டனுங்க. கோழிக் கொழம்போட."

பேருந்து கிளம்பிய பிறகும் அந்த மனிதர் ஜன்னலோரம் தாடையைத் தடவியபடி யோசித்துக்கொண்டே வந்தார். சம்பந்தம் முடிந்துவிட்டதை அந்த அம்மா அவரிடம் எப்போது சொன்னாரோ!