ஒருவர் மட்டும் உட்காரும் பலகை

எங்கள் வீட்டில் மூச்சு அவருடையது, இழுப்பு என்னுடையது. கலியாணமாகி வந்த முதல் மழைக்காலத்திலேயே இந்தப் பங்கீடு எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டுகஸ்தோட்டையில் எங்கள் வாடகை வீடு ஆற்றங்கரைக்குப் பக்கம். விடியற்காலையில் பனி எழும்பிக் கதவிடுக்கால் உள்ளே வந்துவிடும். நான் அடுப்படியில் குந்திக்கொண்டு, ஓட்டைத் துருத்தி மாதிரி இழுத்துக்கொண்டிருப்பேன். முன்னறையில் என் வீட்டுக்காரர் பலாப்பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு மூக்கால் வாங்கி, நிறுத்தி, மறு மூக்கால் விட்டுக்கொண்டிருப்பார். விடுகிற சத்தம்கூடக் கேட்காது. எனக்கு எப்படி எரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் யாழ்ப்பாணத்தார். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் கிளாக்கர். நான் பன்வில பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், பெண்பிள்ளைகள் பள்ளியில் டீச்சர். இழுப்புக்கு ஆஸ்பத்திரியில் ஊமத்தை இலைச் சுருட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். டீச்சர் சுருட்டுப் பிடிக்கிறாள் என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அதைப் பிடித்தால் நெஞ்சு கொஞ்சம் இளகும், வாய் காய்ந்து தலை சுற்றும். அந்தத் தலைச்சுற்றலோடு போய்த்தான் பிள்ளைகளுக்குப் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுத்தேன்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "என்னங்க, நீங்க செய்றத எனக்கும் சொல்லிக் குடுத்தா என்ன?"

அவர் பலகையைத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார். "இஞ்சாரும், இது ஒராள் ஒராளுக்குத்தான் குடுக்கலாம். குடுத்த பிறகு குடுத்தவர் பலகையிலை இருக்கேலாது. பலகையும் போயிடும்."

அவருக்கு அதைக் கொடுத்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு மனிதர். அவருக்குக் கொடுத்தவர் ஒரு சாமியார். அந்தச் சாமியாருக்கு யாரோ, அவருக்கு முன்னால் யாரோ. கற்பூரத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்து, காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். எழுதி வைக்கக்கூடாது. வாழ்நாளில் ஒருவருக்குத்தான் கொடுக்கலாம். கொடுத்த அன்றிலிருந்து கொடுத்தவர் அதைத் தொடக்கூடாது. அந்தக் கார்டை நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்த பிறகு, அவர் காலை முழுவதும் ஸ்டேஷன் மரவாங்கில் உட்கார்ந்து, போகிற ரயிலையும் வருகிற ரயிலையும் பார்த்துக்கொண்டிருந்தார். கையிரண்டும் மடியில் சும்மா கிடக்கும்.

"பொம்பளைக்குக் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அப்பிடி ஒண்டும் சொல்லேல்லை. ஒராளுக்கு எண்டுதான் சொன்னவர்."

அதாவது, தடை இல்லை. மனசு வரவில்லை. அது எனக்குப் புரிந்தது, கோபமும் அதனால்தான் ஆறவில்லை. நாலைந்து வருசம் அப்படியே போனது. ஒருதடவை வாய் தவறி, "நாய் பெத்த தெங்கம்பழம் மாதிரி வச்சுக் காத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவர் சோறு அரைவாசிதான் சாப்பிட்டார்.

அந்தக் காலத்தில்தான் டவுனில் யோகம் புது மோஸ்தராக வந்தது. இந்தியாவிலிருந்து ஒருவர் வந்து மண்டபமொன்றில் நாடியை நிறுத்திக் காட்டினாராம், தலைகீழாக நின்றாராம். தோட்டத்துத் துரைசானிகள்கூடக் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார்களாம். எங்கள் பள்ளியிலும் அதே பேச்சு. நானும் போகிறேன் என்றேன்.

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது," என்றார் இவர். "கரும்பலகையிலை எழுதிப் படிப்பிக்கிற சாமானோ இது?"

நான் போகவில்லை. அவருக்குப் பயந்து இல்லை, மண்டபத்துக்குப் போகிற ஏற்றத்தில் ஏற மூச்சு இல்லை.

அந்த வருசம் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உடுப்பு காயாமல் வீடெல்லாம் கொடி கட்டியிருந்தேன். ஈர வாடை பட்டதும் இழுப்பு வந்தது. சுருட்டு நமுத்துப்போய்ப் பற்றவே இல்லை. உதடு நீலம் பாரித்துவிட்டது என்று பிறகு அவர்தான் சொன்னார். மூச்சு உள்ளே போனது, வெளியே வர மாட்டேன் என்றது. செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன். பயத்தைவிடக் களைப்புத்தான் இருந்தது. சரி, போகட்டும் என்றுகூட ஒரு எண்ணம் வந்தது.

அவர் ஓடிவந்து என் பின்னால் உட்கார்ந்தார். முதுகில் உள்ளங்கையை வைத்து, "வாங்காதையும், விடும். நான் எண்ணிறன். எட்டு வரைக்கும் விடும்," என்றார். எண்ணினார். எத்தனை தடவை எண்ணினார் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் ஒரு மூச்சு முழுசாக வெளியே போனது. பிறகு இன்னொன்று.

நான் தெளிந்ததும் அவர் எழும்பிப் போய்க் கற்பூரம் கொண்டுவந்தார். "எண்ணிக்கை சொல்லிப்போட்டன். பாதியிலை விடேலாது, மிச்சத்தையும் வாங்கும்," என்றார். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கற்பூரத்தின் மேல் கைவைத்தேன். எந்த விரலால் எந்த மூக்கை மூட வேண்டும், வாங்க நாலு, நிறுத்தப் பதினாறு, விட எட்டு, எல்லாவற்றையும் காதில் சொன்னார். பிறகு பலகையைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

அடுத்த நாளிலிருந்து முன்னறையில் நான் உட்கார்ந்தேன். அவர் அடுப்படியில் தேத்தண்ணி போட்டார். பதினாறு எனக்கு உடனே வரவில்லை, மாதக்கணக்கானது. ஆனால் இழுப்பு குறைந்தது. மூன்று மாதத்தில் ஏற்றத்தில் நிற்காமல் ஏறினேன். "மூச்சு ஓடுதோ?" என்று தினமும் கேட்பார். "ஓடுது" என்பேன். அதற்குமேல் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. விடியும்வரை கதிரையில் இருப்பார். கையிரண்டும் மடியில் சும்மா கிடக்கும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்கு அந்தக் கார்டின் ஞாபகம் வரும்.

அக்குறணையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண் ஒருத்தி பக்கத்து வீட்டில் இருந்தாள். அவள் புருசனுக்கு டவுனில் கடை. ஒருநாள் வேலியோரம் கூப்பிட்டு ஒரு கடதாசியை நீட்டினாள். "டீச்சர், இதப் பாருங்க. அண்டைக்கி மண்டபத்துல எல்லாருக்கும் குடுத்தீக்கி. எங்கட ஊட்டுக்காரர் கடையில கட்டுக்கட்டா ஈக்கி, சாமான் சுத்துறாரு. இழுப்புக்கு நல்லமாம்."

தமிழில் அச்சடித்த தாள். ஒரு ஆளின் படம். கட்டைவிரல் ஒரு மூக்கில், மோதிரவிரல் மறு மூக்கில். கீழே நாலு, பதினாறு, எட்டு. ஓரத்தில் கருவாட்டு வாடை. காதோடு காதாக வந்த அத்தனையும் அதில் இருந்தது, ஒன்றும் குறையவில்லை.

நான் அந்த வேலியடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். யாரிடம் கோபிப்பது? இத்தனை வருசம் காத்தவரிடமா, அச்சடித்துக் கொட்டியவர்களிடமா? மண்டபத்துக்குப் போயிருந்தால் எனக்கு இது சும்மாவே கிடைத்திருக்கும், அவரிடம் பலகையும் இருந்திருக்கும். கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டலாமா என்று நினைத்தேன். நீட்டினால் அவர் எனக்குக் கொடுத்தது என்ன ஆகும்? மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் கற்பூரத்தை ஏற்றி, பலகையை அவர் முன்னால் வைத்தேன்.

"நான் ஒருத்தருக்குக் குடுக்கலாம்தானே. உங்களுக்குக் குடுக்கிறேன்."

அவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "விசரே உமக்கு? பிறகு நீர் இருக்கேலாது. இழுப்பு வந்தால்?"

"சுருட்டு இருக்கு. கையை வைங்க."

வெகுநேரம் வாதாடினார். கொடுத்தவனுக்கே திருப்பிக் கொடுக்கலாம் என்று எங்கே இருக்கிறது என்றார். கூடாது என்று எங்கே இருக்கிறது என்று நான் கேட்டேன். கடைசியில் கையை வைத்தார். அவர் காதில் நாலு, பதினாறு, எட்டு என்று நான் சொன்னபோது, அந்த மனிதர் முதன்முதலாகக் கேட்கிறவர் மாதிரித் தலையாட்டினார். கண் நிறைந்திருந்தது. எனக்கும்தான்.

அடுத்த நாள் விடிய அவர் முன்னறையில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய், மாவு போட்டுவைக்கும் தகரத்துக்குப் பின்னால் ஒளித்திருந்த கடதாசியை எடுத்துச் சுவரில் சாய்த்தேன். கற்பூரத்தில் செய்த சத்தியம் அவர் சொன்னதற்கு. கடதாசி சொன்னதற்கு நான் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். படத்திலிருந்த ஆளைப் பார்த்து விரலை வைத்தேன்.

"அங்கை என்ன, சத்தத்தைக் காணேல்லை?" என்று முன்னறையிலிருந்து அவர் கேட்டார். இழுக்கிற சத்தத்தைத்தான் கேட்டார்.

நான் பதினாறும் எண்ணி, எட்டும் விட்டு முடித்துத்தான் பதில் சொன்னேன்.

"தண்ணி இன்னும் கொதிக்கலங்க."